இடது கையில் இரண்டு தட்டு

அமெரிக்காவில் நான் கொடுத்த முதல் தண்டனை தேங்காய் எண்ணெய்க்கு.

நியூஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவுக்குக் கபடிப் போட்டி வைத்திருந்தது. ஊரிலிருந்தே ஒரு நடுவர் வந்தால் கெத்தாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கம்பத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். இருபது வருடமாக விசில் ஊதுகிறேன். ஷமீமா டீச்சர் என்றால் தேனி மாவட்டத்துக் கபடிக்காரர்களில் பாதிப் பேர் மரியாதையாகப் பேசுவார்கள், மீதிப் பேர் பல்லைக் கடிப்பார்கள். எனக்கு இரண்டும் சம்மதம்தான்.

முதல் நாள் ஐசலினில் ஓக் ட்ரீ சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். பட்டுச் சேலை, நகைக்கடை, பானிபூரி, ஒரே சாலையில் நான்கு இடத்தில் பில்டர் காபி. இதைப் பார்க்கவா இருபது மணி நேரம் காலை மடக்கிக்கொண்டு வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. மதுரை விளக்குத்தூண் பக்கம் என்றால் பஸ்ஸிலேயே போயிருக்கலாம்.

இரண்டாம் நாள் போட்டி. பள்ளிக்கூட உள்ளரங்கில் மெத்தை விரித்திருந்தார்கள். ஆடுகிறவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள், முட்டிக்கு உறை, முதுகுக்குப் பட்டை. அதில் ஒருவர் மட்டும் பாடிக்கொண்டு போனால் யாராலும் பிடிக்க முடியவில்லை. நாலு பேர் காலைப் பிடித்தாலும் மீன் மாதிரி நழுவி வந்துவிடுகிறார். மூன்றாவது முறை பக்கத்தில் போனேன். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

“சார், கால்ல என்ன?”

“ட்ரை ஸ்கின் மேடம். வின்டர்ல கிராக் ஆகுது.”

“இது ஜூன் மாசம் சார்.”

உடம்பில் எண்ணெய் தடவி ஆடுவது கபடியில் சுத்தமான ஏமாற்று. சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே உட்கார வைத்தேன். அரங்கமே அதிர்ந்து போய் என்னைப் பார்த்தது. சங்கச் செயலாளர் ஓடி வந்தார்.

“மேடம், அவர்தான் இன்னிக்கு லஞ்சுக்கு ஸ்பான்ஸர். ஒரு வார்னிங் குடுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே. ஜஸ்ட் ஃபார் ஃபன்தானே?”

மைக்கை வாங்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: “ஏமாத்துனவர் யாரா இருந்தாலும் வெளியதான். எங்க வீட்டுப் புள்ளையா இருந்தாலும் வெளியதான்.” கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எண்ணெய்க்காரரின் மனைவிதான் முதலில் தட்டினார். மதியம் அந்த மனுஷர் தானே நின்று பிரியாணி பரிமாறினார். எல்லோர் தட்டிலும் கறி விழுந்தது, எனக்கு மட்டும் குஸ்கா. நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். மைக்கில் பேசியதை ஒரு வாரத்துக்குள் நானே மென்று விழுங்க வேண்டிவரும் என்று அப்போது தெரியாது.

நான்காம் நாள் கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட். அங்கே என் அக்கா ரஹ்மத் காத்திருந்தாள். அவள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்கிற ஊரில். மகன் இர்ஃபானின் ஆட்டம் இந்தப் பக்கம் நடக்கிறதென்று வந்திருந்தாள். அவளுடைய தோழி வீட்டில் இரண்டு பேருக்கும் ஜாகை.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னை வளர்த்தவள் அவள்தான். பதினாலு வயதில் மாவட்ட அணிக்கு என்னைத் தேர்வு செய்தபோது, பொம்பளைப் பிள்ளை டவுசர் போட்டு மண்ணில் உருளுவதா என்று அத்தா கதவைச் சாத்தினார். அக்கா இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்து அவரை மடக்கினாள். என் கழுத்தில் தொங்கும் விசிலே அவள் போட்டதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இர்ஃபானுக்கு இருபத்து நாலு வயது. அங்கேயே பிறந்தவன். நாம் பேசும் தமிழெல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். மச்சான் அவனை டாக்டராக்க ஆசைப்பட்டார். அவனோ ரக்பி லீக் ஆடப் போய்விட்டான். இங்கே புதிதாகத் தொடங்கியிருக்கும் தொழில்முறை லீக், ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருகிறார்கள்.

“டாக்டராயிருந்தா அடிபட்டவங்களப் பாத்திருப்பான். இப்ப இவனே அடிபட்டுட்டுத் திரியிறான்,” என்றாள் அக்கா. ஆனால் அவன் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை.

அன்று மாலை மவுரி அவென்யூவில் ஓர் இந்திய மளிகைக் கடைக்குப் போனோம். காய்கறிப் பக்கம் ஒரு மலை குத்தவைத்து உட்கார்ந்து சேப்பங்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் கீறி, முகர்ந்து, நம் வீட்டுப் பெண்களைவிடப் பக்குவமாக. நான் வேடிக்கை பார்ப்பதைப் பார்த்து, நீங்கள் இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். வேகவைத்து, மிளகாய்ப்பொடி போட்டு வறுப்போம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் மீதியைக் கையாலும் சொன்னேன். எங்கள் டோங்கா தீவில் தேங்காய்ப் பாலில் வேகவைப்போம் என்றான். பெயர் சியோனே.

அவன் பனியனில் இருந்த சின்னத்தை அக்கா பார்த்துவிட்டாள். மறுநாள் இர்ஃபானுக்கு எதிராக ஆடப்போகும் அணி. மகன் பெயரைச் சொன்னாள்.

“இர்ஃபானோட அம்மாவா நீங்க? நாளைக்கு அவனைப் பிடிக்க வேண்டியதே நான்தான்,” என்று சிரித்தான். “கவலைப்படாதீங்க, மெதுவாத்தான் பிடிப்பேன்.”

போனில் மனைவியையும் மூன்று வயது மகளையும் காட்டினான். மகள் அவனை நேரில் பார்த்ததை விடப் போனில் பார்த்ததுதான் அதிகமாம். அடுத்த மாதம் இருவரும் வருகிறார்கள். ஆடுகிற ஒப்பந்தம் இருக்கும் வரைதான் விசா, அதனால் இந்த சீசனை முழுதாக ஆடி முடித்துவிட்டால் போதும் என்றான். எங்கள் இரண்டு அரிசி மூட்டையையும் ஒரே கையில் தூக்கிக் காரில் வைத்தான். அக்கா அவன் பிள்ளைக்காக அங்கேயே துஆ செய்தாள்.

மறுநாள் ஆட்டம். மைதானத்துக்கு மெட்ரோ ரயிலில் போகலாம் என்றாள் அக்கா. பத்து வழிச் சாலையில் கார் ஓட்டுகிற மகராசிக்கு ரயிலில் திசை தெரியவில்லை. கேட்டியில் ரயிலே கிடையாதாம். அரை மணி நேரம் எதிர்த் திசையில் போய், சான் ஹோசே வருகிறது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் இறங்கினோம். கம்பத்திலிருந்து தேனிக்குக் கிளம்பி குமுளியில் நிற்கிற கதை. போய்ச் சேரும்போது நல்ல இருக்கையெல்லாம் போய்விட்டது. கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயிலில், கடைசி மூலையில் இடம் கிடைத்தது.

ரக்பி லீக் எனக்குப் புதிது, ஆனால் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. கபடிக்குப் பந்து கொடுத்த மாதிரிதான். பந்தோடு ஒருவன் பாய்வான், எதிரணி மடக்கி விழுத்தாட்டும். ஆறு முறை மடக்கினால் பந்து கைமாறும். தோளுக்குக் கீழே எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம். தலையைத் தொட்டால் மட்டும் பெருங்குற்றம். அடப்பாவிகளா, இதைக் கம்பத்தில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடினால் பிய்த்து எறிந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பத்து நிமிடம். இரண்டு புள்ளியில் இர்ஃபான் அணி பின்தங்கியிருந்தது. அவன் பந்தோடு எங்களை நோக்கி ஓடி வந்தான். நான் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன், ஊரில் குடும்பக் குழுவில் போட வேண்டுமே. சியோனே குறுக்கே வந்து நெஞ்சோடு சேர்த்து அணைத்து விழுத்தினான். சுத்தமான பிடி. கபடியாக இருந்தால் விசில் ஊதிக் கையைத் தூக்கியிருப்பேன்.

இர்ஃபான் எழவில்லை. வலது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஆட்டம் நின்றது. டாக்டர் ஓடினார். அக்கா என் முழங்கையை நகம் பதிய அழுத்தினாள். அடுத்த கணம் விட்டுவிட்டாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்று மூச்சுவிட்டு, டப்பாவைத் திறந்து சுண்டலை எடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏக்கா, புள்ள அங்க சுருண்டு கெடக்கான், நீ சுண்டல் திங்கிற?”

“ஒண்ணுமில்லடி. எடது கையால தரைய ரெண்டு தட்டு தட்டுனான் பாத்தியா? பன்னெண்டு வயசுல ஸ்கூல்ல ஃபுட்பால் ஆடும்போது எனக்கு வாக்குக் குடுத்தான். விழுந்தா, அடி ஒண்ணும் இல்லன்னா ரெண்டு தட்டு தட்டுவேன், நீ பயப்படாதம்மான்னு. இன்னிக்கி வரைக்கும் தவறுனதில்ல.”

பெருமையாகத்தான் சொன்னாள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அடி இல்லையென்றால் அவன் ஏன் எழவில்லை என்று எனக்குள் ஓடியது. மைதானத்தில் நடுவர் சியோனேவுக்குச் சிவப்பு அட்டை காட்டிக்கொண்டிருந்தார்.

இர்ஃபானைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள். அவன் அணி அந்தத் தண்டனையில் கிடைத்த வாய்ப்பிலேயே ஜெயித்தது. உடை மாற்றும் அறைக்குப் போகும் வழி எங்கள் மூலையை ஒட்டித்தான். சியோனே தலையைக் குனிந்து நடந்து வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்றான். “அம்மா, நான் அவன் தலையைத் தொடவே இல்லை,” என்றான் அக்காவிடம். அக்கா சுண்டல் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது.

நான் போனில் எடுத்ததை ஓட்டிப் பார்த்தேன். சியோனேயின் தோள் நெஞ்சில்தான். தலைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. அப்புறம் புல்லில் இடது கை, இரண்டு தட்டு. லீக்கின் ஒரே கேமரா எதிர்ப்பக்கம் இருந்தது, அதற்குக் குறுக்கே மூன்று ஆட்டக்காரர்களின் முதுகு. தப்பான ரயிலில் ஏறாமல் இருந்திருந்தால் நானும் அந்த முதுகுகளைத்தான் பார்த்திருப்பேன்.

ஆறாம் நாள் கேட்டிக்கு வந்து சேர்ந்தோம். மைதானம் மாதிரி வீடுகள், வாசலில் மூன்று மூன்று கார், தெருவில் ஒரு மனுஷர் இல்லை. பால் வாங்க நடந்து போனேன். ஒரு அம்மா காரை நிறுத்தி, கார் பழுதாகிவிட்டதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். நடக்கிறேன் என்றேன். எங்கே என்றார். பாலுக்கு என்றேன். அவர் முகத்தில் தெரிந்த அதிர்ச்சியைப் பார்த்து நானே பயந்து திரும்பிவிட்டேன்.

அன்று மதியம் இர்ஃபானுக்கு லீக்கிலிருந்து கடிதம் வந்தது. தலையில் தோளால் இடித்ததாகச் சியோனே மேல் குற்றச்சாட்டு. இர்ஃபான் தட்டில் மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே விளக்கினான். இரண்டு நாளில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று ஆட்டம் தடை. மறுத்து வாதாடித் தோற்றால் ஐந்து.

“அதாவது, சீக்கிரம் ஒத்துக்கிட்டா ரெண்டு ஆட்டம் தள்ளுபடி?” என்று கேட்டேன்.

ஆமாம் என்றான், ரொம்ப இயல்பாக.

“செய்யாத தப்ப ஒத்துக்கிட்டாலுமா?”

அவன் கை நின்றது. பிறகு மறுபடி பிசைந்தான். ஆடித் தள்ளுபடி கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் குற்றத்துக்குத் தள்ளுபடி என்பதை அன்றுதான் பார்க்கிறேன். பொய் சொல்லுகிறவனுக்கு மூன்று, உண்மை சொல்லி நிரூபிக்க முடியாதவனுக்கு ஐந்து. என்ன நியாயம் இது?

சீசனில் மிச்சமிருப்பதே மூன்று ஆட்டம்தான். எப்படிப் பார்த்தாலும் சியோனே கதை முடிந்தது. அவன் ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டான். புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு வீடியோ காலில் விசாரணை, அடிபட்டவன் என்ற முறையில் இர்ஃபானும் பேச வேண்டும்.

திங்கள்கிழமை எனக்குப் பெட்டி வாங்க அவன் கார் ஓட்டிக் கூட்டிப்போனான். ஃப்ரீவேயில் ஏறியதும் போனை எடுத்து வீடியோவைக் காட்டவில்லை, கேட்டேன், அவ்வளவுதான்.

“ரெண்டு தட்டு தட்டினியேடா?”

காது சிவந்துவிட்டது அவனுக்கு. இங்கிலீஷில் பேசினான். எல்லோரும் செய்கிறார்களாம். கீழே கிடந்தால்தான் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், நெருக்கமான ஆட்டத்தில் லேசாக உரசினாலும் எழாதே என்று பயிற்சியாளரே சொல்லிக்கொடுக்கிறாராம். அது ஏமாற்று இல்லையாம், ஆட்டத்தை நடத்தும் சாமர்த்தியமாம். சியோனேவுக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்ச நாள் ஓய்வெடுப்பான் என்றான். அவன் குரலில் குற்ற உணர்ச்சி துளிகூட இல்லாததுதான் என்னை உறுத்தியது.

“அவனுக்கு விசாவே போயிரும்டா. அடுத்த மாசம் பொண்டாட்டி புள்ள வரப் போறாங்க. கடையில போட்டோ காட்டுனான்.”

அவனுக்கு அது தெரியவே தெரியாது. இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டான். அடுத்ததையும் விட்டான். கட்டண வாயில் இரண்டு கடந்து, எங்கேயோ ஒரு பெட்ரோல் பங்கில் திருப்பினோம். பெட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுக்களையில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விசாரணைக்கு என் வீடியோவை அனுப்ப வேண்டும் என்றேன். கத்தியை வைத்தாள்.

“எம் புள்ளயக் காட்டிக் குடுக்கத்தான் பிளேன் ஏறி வந்தியா?”

“அந்தப் புள்ளைக்கும்தானேக்கா துஆ செஞ்ச?”

“நீ புள்ள பெத்திருந்தா இப்படிப் பேசமாட்ட.”

எனக்குக் குழந்தை இல்லை. அதை முப்பது பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அக்கா சொல்லி அன்றுதான் கேட்டேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைத் தட்டித் தட்டை உள்ளே வைத்துவிட்டுப் போனாள், பேசவில்லை. தட்டில் எனக்குப் பிடித்த ஈரல் வறுவல் இருந்தது. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த வீடியோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அழித்துவிட்டால் அக்கா எனக்கு மிஞ்சுவாள். இரண்டு முறை அழிக்கும் பொத்தான் வரை விரல் போயிற்று. நியூஜெர்சியில் ஒரு கால் எண்ணெய்க்கு மைக்கைப் பிடித்து முழங்கியவள்தானே நான்? எண்ணெய்க்காரரை வெளியே உட்கார வைத்தபோது அவர் எனக்கு யாரோ. அழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இருபது வருட நடுவர் அன்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

புதன் இரண்டு மணி. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. ஒருபுறம் இர்ஃபான், அவனுக்கு நேரெதிரே, கேமராவில் படாமல் அக்கா. நான் ஓரமாக, கையில் போனோடு. மச்சான் அலுவலகத்தில். திரையில் மூன்று பேர் கொண்ட குழு, ஒரு கட்டத்தில் இர்ஃபானின் கிளப் மேலாளர், இன்னொன்றில் சியோனே. சட்டையும் டையும் போட்டிருந்தான். பின்னால் சுவரில் ஒரு குழந்தை வரைந்த படம் ஒட்டியிருந்தது, தபாலில் வந்திருக்க வேண்டும்.

குழுத் தலைவர் ஒரு வயதான பெண்மணி. இர்ஃபானிடம் நேராகக் கேட்டார்: “அவருடைய தோள் உங்கள் தலையில் பட்டதா?”

இர்ஃபான் தொண்டையைச் செருமினான். ஆட்டம் வேகமாக நடந்தது, தனக்குச் சரியாக நினைவில்லை என்று ஆரம்பித்தான். கிளப்பில் எழுதிக்கொடுத்த வாசகம் அது, காலையில் பத்து முறை சொல்லிப் பார்த்ததைக் கேட்டிருந்தேன். நான் போனைத் தூக்கப் போனேன்.

மேசையில் சத்தம் கேட்டது. டொக், டொக்.

அக்காவின் இடது கை. அவள் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. இன்னொரு முறை தட்டினாள். டொக், டொக்.

இர்ஃபான் நிறுத்தினான். அப்புறம், “இல்லை. படவில்லை. நான் நடித்தேன்,” என்றான்.

இர்ஃபானின் கிளப் மேலாளர் இருந்த கட்டம் சட்டென்று கறுத்துப் போயிற்று. சக ஆட்டக்காரனைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்லவில்லை என்று எப்படி நம்புவது என்று தலைவர் கேட்டார். நான் வீடியோவை அனுப்பினேன். தோள் நெஞ்சில் படுவது தெரிந்தது. ஆனால் விழும்போது தலை தரையில் மோதி நிஜமாகவே வலித்திருக்கலாமே என்றார் இன்னொருவர். நியாயமான கேள்விதான், நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து மகன் பக்கத்தில் போய் நின்றாள். இருபத்தாறு வருடம் அமெரிக்காவில் இருந்தும் இங்கிலீஷைக் கண்டால் ஒதுங்குகிறவள்.

“நான் அம்மா,” என்று தொடங்கினாள் இங்கிலீஷில். “கையைப் பாருங்கள். இரண்டு தட்டு. வலி இல்லை என்று எனக்குச் சொல்கிறான். பன்னிரண்டு வயதிலிருந்து. எனக்கு மட்டும் தெரியும்.” அதற்கு மேல் முடியவில்லை. இர்ஃபான் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். திரையில் சியோனே முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டான்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. சியோனே மேலிருந்த குற்றச்சாட்டு ரத்து, சிவப்பு அட்டையும் பதிவிலிருந்து நீக்கம். இர்ஃபானுக்கு ஆறு ஆட்டம் தடை, தானே சொல்லியிருக்காவிட்டால் பத்தாம். ஆட்ட முடிவில் மட்டும் மாற்றம் இல்லை. பொய்யில் எடுத்த வெற்றி வெற்றியாகவே நிற்கிறது. எழாதே என்று சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மூன்று முறை புரட்டிப் பார்த்தேன். பிள்ளைக்கு ஆறு, பாடம் எடுத்தவனுக்குச் சுழியமா? இதை எந்த ஊர் நடுவர் ஒத்துக்கொள்வார்? யாரிடம் முறையிடுவது என்று கேட்டேன். அப்படி ஒரு வழி இல்லை என்றான் இர்ஃபான்.

சியோனே அவனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். சட்டியில் சேப்பங்கிழங்கு, மேலே சிவக்கச் சிவக்க மிளகாய்ப்பொடி. கீழே, உன் சித்தியிடம் சொல், ரொம்பக் காரம் என்று ஒரு வரி.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பினேன். இர்ஃபான் ஓட்டினான், அக்கா முன்னால், நான் பின்னால். முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா என்னோடு பேசினாள். மன்னிப்பெல்லாம் இல்லை. என் பெட்டியில் பாதாம் பருப்பை அடைத்துக்கொண்டே, “அன்னிக்கி சொன்னத மனசுல வச்சுக்காதடி,” என்றாள். நான் பாதாமைத் தின்றேன். எங்களுக்குள் அவ்வளவு போதும்.

விமான நிலையம் நெருங்கும்போது இர்ஃபான் திடீரென்று தமிழில் பேசினான். அவன் முழு வாக்கியம் தமிழில் பேசி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை.

“அம்மா, ப்ராமிஸ். இனிமே நான் சும்மா விழ மாட்டேன். தட்டவும் மாட்டேன். நான் எந்திரிக்கலன்னா, நிஜமா அடிபட்டுருச்சுன்னு அர்த்தம்.”

அவனைப் பொறுத்தவரை அது பெரிய வார்த்தை. மனசார சொன்னான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அக்கா கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இறங்கியதும் இர்ஃபான் பெட்டிகளை எடுக்கப் பின்பக்கம் போனான். அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“பன்னெண்டு வருசமா ஒவ்வொரு தடவ விழும்போதும் அந்தக் கையத்தான்டி பாப்பேன். ரெண்டு தட்டு தட்டுனா உயிர் வரும். இனிமே அவன் விழுந்தா நான் எதப் பாக்குறது?”

மைதானத்தில் இருபது வருடமாக என்னிடம் வந்து நின்று எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்று அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார்.